நாற்பத்தொன்பது இரவுகள்

(சத்தியமங்கலத்தில் விவசாயிகளும் கல்லூரி மாணவர்களும் கூடியிருந்த பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரம் கருதிப் பேச்சில் விட்டுப்போன சில விவரங்கள் அச்சுக்காகச் சேர்க்கப்பட்டுள்ளன.)

பின்னால் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் மாணவர்களே, முன்வரிசையில் நாற்காலிகள் காலியாக இருக்கின்றன, வந்து உட்காருங்கள் தம்பி. யானையைப் பற்றிய பேச்சு. சீக்கிரம் முடியாது.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். 'காடு' என்றால் சென்னையில் இருப்பவருக்கு மரம், புலி, வனத்துறை கேட். நமக்கு அப்படியா? "அப்பா எங்கே?" என்று கேட்டால், "காட்டுக்குப் போயிருக்காரு" என்று சொல்வோம். மானாவாரி நிலமும் நமக்குக் காடு, கிணறு வெட்டிக் கரும்பு போட்டிருந்தாலும் காடு. மேலே மலையில் இருப்பதும் காடு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தவர்கள் நாம். அப்படியிருக்க, இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டை யானை மட்டும் சரியாகப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

என் ஊர் தாளவாடிப் பக்கம். ராகி விளைந்த வீடு. கதிர் பால் பிடிக்க ஆரம்பித்ததும் அப்பா பரணில் ஏறிவிடுவார். ஒரு தகர டப்பா, ஒரு குச்சி, பேட்டரி செத்துப்போன டார்ச். பள்ளிக்கூட நாட்களில் நானும் கூடப் படுத்திருக்கிறேன். ஒரு மார்கழி இரவில் ஒற்றை யானை உள்ளே வந்தது. டப்பா தட்டினோம், கத்தினோம். அது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விடிகாலை வரை மேய்ந்தது, கிழக்கு வெளுத்ததும் போய்விட்டது. அப்பா கீழே இறங்கி நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது திருட வரலடா, அறுப்புக்கு வந்துட்டுப் போயிருக்கு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு இழப்பீட்டுக்காக ஏழு முறை அலைந்தார். எந்த அலுவலகம் என்பது இப்போது வேண்டாம். ஏழாவது முறை திரும்பி வந்தபோது சிரிப்பு இல்லை.

அந்த யானை ஏன் டப்பாவுக்குப் பயப்படவில்லை? ஏன் தனியாக வந்தது? பக்கத்திலேயே கூட்டமாக நின்ற யானைகள் ஏன் அன்றைக்கு வரவில்லை? இந்தக் கேள்விகளுக்கு எனக்குப் பதில் கிடைத்தது பல ஆண்டுகள் கழித்து, ஒரு விஞ்ஞானியின் எழுத்தில். அவர் ராமன் சுகுமார். அவரோடு நெருங்கிப் பழகியவன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. அவருடைய கட்டுரைகளைப் படித்தவன், அவர் ஆராய்ச்சி செய்த மண்ணில் பிறந்தவன், அந்த உறவு மட்டுமே.

சுகுமார் 1955இல் சென்னையில் பிறந்தவர். படித்தது தாவரவியல். பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சூழலியலாளர் மாதவ் காட்கிலிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். யானையைப் படிக்க வந்தவர் செடிகொடி படித்தவர் என்பது சிலருக்கு விநோதமாகத் தோன்றும். எனக்கு அதுதான் அவருடைய பலம் என்று படுகிறது. விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியைத் தின்பதிலேயே கழிக்கும் விலங்கு யானை. வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ பச்சைத் தீவனம் வேண்டும், தின்றதில் பாதிகூட முழுதாகச் செரிக்காது. அதன் வாயில் போவது எந்த இலை என்று தெரியாதவர் அதன் மனதில் இருப்பதை எப்படிச் சொல்வார்?

1981 முதல் 1983 வரை அவர் களப்பணி செய்த இடம் நம் மலைதான். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கினால் வரும் ஆசனூர், அங்கிருந்து கர்நாடகத்தின் சாம்ராஜ்நகர் வரை விரியும் காடு. ஏறக்குறைய 1,130 சதுர கிலோமீட்டர். அப்போது இது புலிகள் காப்பகம் அல்ல, அந்தப் பெயர் 2013இல்தான் வந்தது. கழுத்துப்பட்டையில் ரேடியோ கட்டி யானையைப் பின்தொடரும் வசதியெல்லாம் நம் நாட்டில் அன்று புழக்கத்தில் இல்லை. காதின் ஓரம் எப்படி மடிந்திருக்கிறது, எங்கே கிழிந்திருக்கிறது, கொம்பு எந்தப் பக்கம் வளைகிறது, வாலில் முடி எவ்வளவு என்று பார்த்து ஒவ்வொரு யானையையும் அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். மாடு மேய்க்கிறவருக்கு நூறு மாட்டிலும் தன் மாடு தெரிகிறதல்லவா, அந்தக் கண்தான். அந்தக் கண்ணோடு ஒரு நோட்டுப் புத்தகமும் சேர்ந்தால் விஞ்ஞானம்.

முதலில் தீவனக் கணக்கைச் சொல்கிறேன். யானைகள் தின்றதாக அவர் பதிவு செய்தவை குறைந்தது 112 வகைத் தாவரங்கள். ஆனால் உணவில் ஏறக்குறைய 85 விழுக்காடு வெறும் 25 வகைகளிலிருந்து வந்தது. புல், கோரை, பனைக் குடும்பம், அவரைக் குடும்பம், நம் செம்பருத்தியும் பருத்தியும் சேர்ந்த குடும்பம் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. அதாவது யானை எதையும் தின்னும் என்பது பாதி உண்மை. வீட்டில் எல்லாக் காயும் வாங்குவோம், வாரத்தில் ஐந்து நாள் ஒரே குழம்புதானே வைப்போம், அது மாதிரி.

மழை விழுந்து புல் துளிர்க்கும்போது யானை புல்லுக்குப் போகிறது. இளம்புல்லில் புரதம் அதிகம். புல் முற்றி நாராகிவிட்டால் அதில் சத்து இறங்கிவிடும். அப்போது யானை இலைதழைக்கும் பட்டைக்கும் திரும்புகிறது. கோடையில் ஆற்றோரம் ஒதுங்கி மரப்பட்டை உரித்துத் தின்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பருவத்துக்குப் பருவம் புல்லில் சத்து ஏறி இறங்குகிறது, யானையின் வாயும் அதற்கேற்ப மாறுகிறது என்பதை அவர் அளந்து காட்டினார்.

இதில் ஒரு சந்தேகம் வரும். கண்ணுக்குத் தெரிந்தது மட்டும்தான் நோட்டில் ஏறும். வெட்டவெளியில் புல் மேயும் யானையைப் பார்ப்பது எளிது, புதருக்குள் நின்று தழை ஒடிப்பதைப் பார்ப்பது கடினம். அப்படியானால் கணக்கு ஒரு பக்கம் சாயாதா? இதற்குச் சுகுமாரும் அவரோடு சேர்ந்த இயற்பியல்காரர்களும் செத்த யானையின் எலும்பைச் சாட்சிக்கு அழைத்தார்கள். வெப்பமண்டலப் புற்கள் காற்றிலிருந்து கார்பனைப் பிடிக்கும் முறை வேறு, மரமும் புதரும் பிடிக்கும் முறை வேறு. அதனால் கனமான கார்பன், லேசான கார்பன் இரண்டும் கலந்திருக்கும் விகிதமும் இரண்டிலும் வேறுவேறு. அந்த வேறுபாடு தின்ற விலங்கின் எலும்பில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தில் தங்கிவிடுகிறது. எலும்பு பல ஆண்டுச் சாப்பாட்டின் பற்றுவரவுப் புத்தகம். அதைப் படித்தபோது, யானையின் உடம்பைக் கட்டிய புரதத்தில் பெரும்பங்கு தழையிலிருந்தும் பட்டையிலிருந்தும் வந்தது தெரிந்தது. கண்ணுக்கு அத்தனை தாராளமாகத் தெரிந்த புல் அந்தக் கணக்கில் பின்தங்கிவிட்டது. இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தமானது. நேரில் பார்த்தேன் என்று சத்தியம் செய்கிற ஆளைவிட, செத்த எலும்பு நேர்மையாகப் பேசுகிறது.

சரி, நம் ராகிக்கு வருவோம்.

ராகியும் ஒரு புல்தான். நெல்லும் புல், சோளமும் புல், கரும்பும் புல். யானை தேடுவதும் நல்ல புல். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மலையில் புல் முற்றிச் சக்கையாகிறது. அதே நேரத்தில் அடிவாரத்தில் ராகி கதிர் விடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான் பயிர்மேய்ச்சல் உச்சத்தில் இருந்தது என்று அவர் பதிவு செய்திருக்கிறார். இரண்டையும் ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தபோது, பயிரில் புரதமும் கால்சியமும் சோடியமும் காட்டுப் புல்லைவிட மிகுதியாக இருந்தன. பசி தாங்காமல்தான் ஊருக்குள் வருகிறது, காட்டில் ஒன்றுமே இல்லை என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். சில இடங்களில் அது உண்மை. ஆனால் காட்டில் தீனி இருந்தாலும் யானை வரும். நாம் அதற்கு வைத்திருப்பது அதைவிட நல்ல தீனி. பத்தாயிரம் வருடமாகப் பொறுக்கிப் பொறுக்கி, நாருக்குப் பதில் சத்தை ஏற்றி வளர்த்த புல்லை ஒரே இடத்தில் நெருக்கி நட்டு வைத்துவிட்டு, 'வராதே' என்றால் யார் கேட்பார்கள்?

இது புதிய சண்டையும் அல்ல. அங்க நாட்டு அரசன் ரோமபாதன் கதை இங்கே பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். காட்டு யானைகள் அவன் நாட்டுப் பயிரை அழித்தன. அவற்றைப் பிடித்துக் கட்டச் சொன்னான். யானைகளோடு யானையாக வாழ்ந்த பாலகாப்பியர் என்ற முனிவர் அவற்றைத் தேடி வந்து, கட்டுப்பட்ட யானைகளின் புண்ணுக்கு மருந்து போட்டார். அரசன் கேட்க, யானைகளைப் பற்றிய அறிவையெல்லாம் அவர் சொல்ல, அதுவே யானை மருத்துவ நூலாயிற்று என்பது மரபு. கவனியுங்கள், இந்த நாட்டில் யானை சாத்திரம் பிறந்த கதையே பயிர்மேய்ச்சலில் தொடங்குகிறது. நம் புறநானூற்றிலும் பிசிராந்தையார், பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி வாங்குவதைப் பற்றிச் சொல்ல வந்தபோது, வயலில் புகுந்த யானையைத்தான் உவமையாக எடுத்தார். வாய்க்குள் போவதைவிடக் காலடியில் அழிவது அதிகம் என்பது அவர் சொன்ன பொருள். பரணில் படுத்திருந்தவர்தான் அந்த உவமையைச் சொல்லியிருக்க முடியும் என்பது என் எண்ணம்.

இப்போது இந்த உரையின் தலைப்புக்கு வருகிறேன். சுகுமாரும் காட்கிலும் சேர்ந்து 1988இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். யானை பயிரை மேய்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல், எந்த யானை என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் மாறிவிட்டது. வளர்ந்த ஆண் யானை ஒன்று ஆண்டுக்குச் சராசரியாக 49 இரவுகள் வயலுக்கு வந்தது. குடும்பக் கூட்டத்தைச் சேர்ந்த யானை ஒன்று ஆண்டுக்குச் சராசரியாக 8 இரவுகள். ஆறு மடங்கு. ஒரு முறை வந்தால் தின்னும் அளவிலும் ஆணே அதிகம்.

களிறு, பிடி என்று சங்கப் புலவர்கள் இரண்டையும் எப்போதும் பிரித்துத்தான் சொன்னார்கள். நாம் 'யானை' என்று ஒன்றாகச் சேர்த்துவிட்டோம். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் காட்டில் வளர்ந்த ஆண்கள் மிகக் குறைவு. ஊருக்குள் வரும் தொந்தரவில் அவற்றின் பங்கு மிகப் பெரிது.

ஏன் இப்படி? ஆண் முரடு, பெண் சாது என்று சொல்லிவிட்டால் எளிது, ஆனால் அது விளக்கமாகாது. அவர்கள் சொன்ன காரணம் வேறு. பிடியின் வாழ்க்கைக் கணக்கைப் பாருங்கள். ஏறக்குறைய 22 மாதம் சினை. நான்கைந்து ஆண்டுக்கு ஒரு குட்டி. ஆயுள் முழுக்க எத்தனை குட்டி ஈனும் என்பதில் ஒரு பிடிக்கும் இன்னொரு பிடிக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. கூடவே குட்டி நிற்கிறது, அக்காள் தங்கை நிற்கிறார்கள், முன்னால் வயதான தலைவி நடக்கிறாள். ராகிக்காகப் பட்டாசுக்குள்ளும் தீப்பந்தத்துக்குள்ளும் நுழைந்தால் போவது தன் உயிர் மட்டும் அல்ல. குறைந்த ஆபத்து, நிதானமான வரவு என்பது அவளுக்கு ஏற்ற வழி.

களிற்றின் கதை அப்படியல்ல. பருவம் வந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டு விலகிவிடுகிறது. அதன் பிறகு பெரும்பாலும் தனிமை, அல்லது இன்னொரு ஆணோடு தற்காலிகத் துணை. பிடி எந்த நேரத்தில் எந்த மலையில் இணைக்குத் தயாராக இருக்கிறது என்று தேடி அலைய வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்தால் இன்னொரு ஆண் நிற்கிறது. பெரிய உடம்பு, மதம் பிடித்த உடம்பு வெல்கிறது. வென்றது பல குட்டிகளுக்குத் தகப்பனாகலாம், தோற்றது ஒரு குட்டிக்குக்கூட ஆகாமல் செத்துப்போகலாம். எல்லாம் அல்லது ஒன்றுமில்லை. மதம் என்பது நல்ல தீனி தின்று கொழுத்த உடம்பில் நீடித்து நிற்கும், வற்றிய உடம்பில் சீக்கிரம் அடங்கிவிடும். ஆகவே கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு மூட்டை ராகியும் அந்தப் போட்டியில் ஒரு படி. பெரிய ஆபத்து, பெரிய லாபம். எங்கள் ஊரில் எல்லாப் பணத்தையும் தக்காளியில் போட்டுவிட்டு மார்க்கெட் விலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ஒரு வருஷம் டிராக்டர் வாங்குவார்கள், மூன்று வருஷம் கடன் கட்டுவார்கள். கொம்பனும் அந்த ஜாதி.

அன்றைக்கு அப்பாவின் டப்பாச் சத்தத்துக்கு அந்த யானை ஏன் நிமிரவில்லை என்று எனக்குப் புரிந்தது இதைப் படித்த பிறகுதான். அதற்கு நாங்கள் யாரென்று தெரியாமல் இல்லை. தெரிந்து, எடை போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. இதைக் கேட்டுவிட்டு, யானை உட்கார்ந்து காகிதத்தில் கணக்குப் போடுகிறது என்று யாரும் போய்ச் சொல்ல வேண்டாம். அப்படித் துணிந்த ஆண்களின் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக அதிகம் பிழைத்திருக்க, அந்தத் துணிவு ஆண்களின் சுபாவத்தில் ஊறிவிட்டது என்பதே கருத்து. அதுவும் ஒரு கருதுகோள் என்றுதான் அவர்களே எழுதினார்கள். தாம் கண்டது எது, ஊகித்தது எது என்று பிரித்துச் சொல்லும் அந்த ஒழுக்கத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

பெரிய ஆபத்து என்றேன். அதற்குக் கொடுக்கும் விலையைப் பார்ப்போம். ஆசிய யானையில் ஆணுக்கு மட்டுமே நீண்ட தந்தம். இலங்கையில் ஆண்களிலும் பத்தில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் கிடையாது, தென்னிந்தியாவிலோ பெரும்பாலான ஆண்கள் கொம்பன்கள். சுகுமார் இங்கே நடந்த காலம் எந்தக் காலம் என்று இந்த ஊரில் நான் சொல்லத் தேவையில்லை. வீரப்பன் பெயர் மலையெங்கும் பரவத் தொடங்கிய காலம். தந்த வேட்டையில் செத்தவை களிறுகள், வயலோரத்தில் நாட்டுத்துப்பாக்கிக்கும் திருட்டு மின்கம்பிக்கும் செத்தவற்றிலும் களிறுகளே அதிகம். பெரியாற்றுக் காட்டில் நிலைமை இன்னும் மோசம். 1980களின் இறுதியில் அங்கே வளர்ந்த ஆண் ஒன்றுக்கு நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் என்ற அளவுக்கு விகிதம் சரிந்திருந்தது. காட்டில் யானை இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது, குட்டி பிறப்பதுதான் குறைந்துவிட்டது. மொத்தத் தலையை மட்டும் எண்ணிவிட்டு நிம்மதியாகத் தூங்கக்கூடாது என்று அவர் திரும்பத் திரும்ப எழுதியதற்கு இதுவே காரணம். 1989இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட அவருடைய ஆசிய யானை பற்றிய நூலில் இந்தக் கணக்குகள் எல்லாம் இருக்கின்றன. மூன்று ஆண்டு கழித்து, 1992இல், மத்திய அரசின் யானைத் திட்டம் தொடங்கியது.

அவருடைய மற்ற வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதுமலையில் 1988 முதல் 50 ஹெக்டேர் காட்டில் ஒரு சென்டிமீட்டர் பருமனுக்கு மேலுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் செடிக்கும் அடையாள எண் கட்டிக் கண்காணிக்கும் பணி, மாணவி வித்யாவோடு சேர்ந்து செய்த மரபணு ஆய்வு. இரண்டாவதில் ஒரு செய்தி நமக்கு வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரிப் பக்கம் உள்ள யானைகளும் தெற்கே ஆனைமலை, பெரியாற்றுப் பக்கம் உள்ளவையும் மரபணுவில் வேறுபட்ட இரு கூட்டங்கள். நாம் ரயிலில் கண் மூடித் திறப்பதற்குள் கடக்கிற ஒரு கணவாய் அவற்றுக்கு நாடுகளின் எல்லை மாதிரி இருந்திருக்கிறது. 2006இல் ஜப்பானின் காஸ்மாஸ் பரிசு அவருக்குக் கிடைத்தது. பரிசுகளை அதற்கு மேல் அடுக்கவில்லை.

எந்த யானை என்ற கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன நடக்கும்? 'பிடித்துக்கொண்டு போய் வேறு காட்டில் விடு' என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் தீர்வு. நானே ஒரு காலத்தில் சாலை மறியலில் உட்கார்ந்து அதைக் கேட்டவன். இலங்கையில் பிருத்விராஜ் பெர்னாண்டோவும் குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிப் பிடித்து இடம் மாற்றிய 12 ஆண் யானைகளைச் செயற்கைக்கோள் கழுத்துப்பட்டை கட்டிப் பின்தொடர்ந்தார்கள். சில நேராக வீடு திரும்பின. சில எங்கும் தங்காமல் அலைந்தன. சில மட்டும் புது இடத்தில் தங்கின. தொந்தரவு குறையவில்லை, வேறு ஊருக்கு மாறியது. நமக்கு அரிக்கொம்பன் நினைவிருக்கும். 2023 ஏப்ரல் இறுதியில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாற்றில் விட்டார்கள். ஒரு மாதத்தில் தேனி மாவட்டம் கம்பத்தில் தெருவில் நடந்தது. ஜூனில் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். அரிசி தேடிப் போனதால் அதற்கு அந்தப் பெயர். பெயரிலேயே அதன் தீனி இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு நாம் வரைபடத்தில் புள்ளி மாற்றிக்கொண்டிருந்தோம்.

மாறாக, வால்பாறையைப் பாருங்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே யானைகள் போகும் வழி. ஆனந்தகுமார் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், அங்கே மனிதர்கள் செத்த நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை யானை இருப்பது தெரியாமல் எதிரே போய் முட்டிக்கொண்டதால் நேர்ந்தவை என்று கண்டார்கள். பஸ் இறங்கி இருட்டில் லயன் வீட்டுக்கு நடந்த தொழிலாளர்கள். ஆகவே யானையைத் துரத்துவதை விட்டுவிட்டு, யானை எங்கே நிற்கிறது என்று மக்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். உயரத்தில் சிவப்பு விளக்கு வைத்தார்கள். கைப்பேசியிலிருந்தே அதை எரிய வைக்கலாம். விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் யானை. யானைக்குச் செய்த வைத்தியம் ஒன்றுமில்லை, தகவல் மட்டும்தான். உயிரிழப்பு குறைந்தது.

வயலில் பயிரைக் காப்பது இதைவிடக் கடினம், ஒப்புக்கொள்கிறேன். மின்வேலியில் தந்தத்துக்கு ஷாக் அடிக்காது என்று கொம்பன் கண்டுபிடித்துவிடுகிறது, கம்பியைத் தந்தத்தால் அறுக்கிறது. தந்தம் இல்லாத மக்னா மரத்தைச் சாய்த்துக் கம்பி மேல் போடுகிறது. அகழி வெட்டினால் கரையைக் காலால் சரித்து இறங்குகிறது. மழை பெய்த மறுவாரம் அகழி இருந்த இடம் யாருக்கும் தெரியாது. வேலி எப்போது வேலை செய்கிறது என்றால், அதைத் தன் சொத்தாக நினைத்து தினமும் சுற்றி வந்து புல் செதுக்கும் ஆள் இருக்கும்போது.

இங்கே விஞ்ஞானிகளோடு எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. யானையின் இந்தத் துணிச்சலை 'உத்தி' என்று அவர்கள் எழுதும்போது அது அழகாக இருக்கிறது. கதிர் அறுக்க இரண்டு வாரம் இருக்கையில் மொத்த நிலத்தையும் பறிகொடுத்தவனுக்கு அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது? யானையின் துணிச்சலுக்கு யானை கொடுக்கும் விலை கட்டுரையில் வருகிறது. பரணில் நடுங்கிக்கொண்டு படுத்திருக்கும் மனிதன் கொடுக்கும் தூக்கத்துக்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை. சுகுமார் ஒரு விதிவிலக்கு. சேதத்தின் பணக்கணக்கையும் மனிதச் சாவின் கணக்கையும் யானைக் கணக்கோடு சேர்த்தே எழுதினார். ஆனால் அவரை மேற்கோள் காட்டும் பலர் அந்தப் பக்கங்களைப் புரட்டுவதில்லை. பயிர் இழப்பீடு அறுவடைக்கு முன்னால் கைக்கு வர வேண்டும் என்பது யானைப் பாதுகாப்பின் ஒரு பகுதி என்றே நான் சொல்வேன். ஏழு முறை நடக்க வைத்தால் எட்டாவது முறை மனிதன் மின்கம்பியைத் தேடிப் போகிறான்.

ஆராய்ச்சி நிற்கவில்லை. 2019இல் நிஷாந்த் சீனிவாசையா முதலியோர் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் சுகுமாரும் ஒருவர். 248 ஆண் யானைகளை 1,445 புகைப்படப் பதிவுகள் வழியே அடையாளம் கண்டிருக்கிறார்கள். காட்டுக்குள் தனியாகவோ பிடிகளின் கூட்டத்தோடோ திரியும் வயதில் உள்ள இளம் ஆண்கள், விவசாய நிலம் மிகுந்த பகுதிகளில் கூட்டம் சேர்ந்து, அந்தக் கூட்டத்தை நீண்ட காலம் கலைக்காமல் வைத்திருக்கின்றன. ஒசூர்ப் பக்கத்து விவசாயிகள் 'கேங்' என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருப்பதை இப்போது கட்டுரையும் சொல்கிறது. பெரியது முன்னால் போக, சின்னது பின்னால் போய்க் கற்றுக்கொள்கிறது. நாற்பத்தொன்பது என்ற எண் இன்றைக்கு என்ன ஆகியிருக்கும்? யாராவது மறுபடி எண்ண வேண்டும்.

அதனால்தான் பின்வரிசை மாணவர்களை முன்னால் வந்து உட்காரச் சொன்னேன். உங்களில் பாதிப் பேர் வீட்டில் நிலம் இருக்கிறது. இந்த ஐப்பசியில் உங்கள் காட்டுக்கு யானை வந்தால், மறுநாள் காலை செல்பி எடுத்துவிட்டு வராதீர்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, வந்த நேரம், போன நேரம், என்ன பயிர், எந்தப் பருவம், எத்தனை சென்ட் போயிற்று, எத்தனை யானை. எல்லாவற்றையும் எழுதுங்கள். யானை போய்விட்டது என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகு, ஈரமண்ணில் பதிந்த முன்னங்கால் தடத்தின் ஓரத்தைச் சுற்றிக் கயிறு வைத்து அளந்துகொள்ளுங்கள். வட்டமான தடம் முன்னங்காலுடையது, கொஞ்சம் நீளமானது பின்னங்கால். அந்தச் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் தோள் உயரம், ஏறக்குறையச் சரியாக வரும். பிடி பெரும்பாலும் இரண்டரை மீட்டரைத் தாண்டாது. உங்கள் கயிறு 140 சென்டிமீட்டர் காட்டினால், வந்தது வளர்ந்த களிறு.